எந்தக் கல்லிலிருந்து அளந்தீங்க?

பி.காம் படிக்கிற பிள்ளைக்கு சர்வே கல்லோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். போன வருஷம் வரைக்கும் எனக்கும் ஒரு வேலையும் இல்லை. ஒரு இரண்டரை அடி எங்கள் வீட்டுக்குள் புகுந்த பிறகுதான் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் நாளைக்கு நீங்களும் ஒரு சைட் வாங்கத்தானே போகிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கெலவரப்பள்ளி, ஓசூர் பக்கம். அணை இருக்கிற ஊர் என்றால் சிலருக்குத் தெரியும். தென்பெண்ணையில் வெள்ளை நுரை மலை மாதிரி பொங்கி நிற்பதை டி.வி.யில் பார்த்திருந்தால் எல்லோருக்கும் தெரியும். இங்கே பெரியப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ராகி, அப்புறம் பீன்ஸ், கோஸ், கொத்தமல்லி. இப்போது சும்மா கிடக்கிறது, விலை ஏறுவதற்காக.

பக்கத்து நிலத்துக்காரரை நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். சந்தையில் பெங்களூர் வியாபாரி வந்தால் இரண்டு பேரும் கன்னடம். அவர் நிலத்தை விற்க ஏற்பாடு செய்தபோது அளக்கச் சொல்லி மனு கொடுத்தார். சர்வேயர் வந்தார், கிணற்று மேட்டில் இருந்த கல்லிலிருந்து அளந்தார், பெரியப்பாவின் கம்பி வேலி இரண்டரை அடி உள்ளே வந்திருக்கிறது என்றார். பெரியப்பா விடுவாரா? அவரும் மனு கொடுத்தார். இந்த முறை வேறொரு சர்வேயர். வாய்க்கால் ஓரத்துக் கல்லிலிருந்து அளந்தார். வேலி சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

டீக்கடையில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது: "ரெண்டு பேருமே வாங்கியிருப்பாங்க." நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இரண்டு பேருமே சரியாக அளந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரண்டரை அடியின் கணக்கு. வேலியின் நீளம் 210 அடி. இரண்டரையால் பெருக்கினால் 525 சதுர அடி, அதாவது ஒண்ணே கால் சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. ராகி விதைத்த காலத்தில் இதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார்கள். வரப்பே ஒன்றரை அடி அகலம். இன்றைக்கு சதுர அடி 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 7,87,500 ரூபாய்! ஒரு பக்கம் சிப்காட், இன்னொரு பக்கம் பெங்களூர். 2024 ஜூன் மாதம் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டசபையில் அறிவித்ததிலிருந்து இந்தப் பக்கம் எல்லோரும் நிலத்தை ஏக்கரில் பேசுவதை விட்டுவிட்டு சதுர அடியில் பேசுகிறார்கள். நிலம் அதேதான், அளவையும் அதேதான். பிழைக்குத்தான் விலை ஏறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் நிலத்துக்கு அரசாங்கத்திடம் ஒரு படம் இருக்கிறது. புலப்படம் என்று பெயர், எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். "எங்கிருந்தும் எந்நேரமும்" தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். அதில் புல எண், உட்பிரிவு, பக்கங்களின் நீளம், மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எத்தனை மீட்டர் என்று எல்லாம் இருக்கும். ஒன்றே ஒன்று இருக்காது. இந்த நிலம் பூமியில் எங்கே இருக்கிறது என்பது அதில் கிடையாது. அட்சரேகை தீர்க்கரேகை எதுவும் இல்லை. அந்த மூலையில் ஒரு கல் நட்டிருக்கிறோம், அதை வைத்து மற்றதைக் கண்டுபிடித்துக்கொள் என்பதுதான் படத்தின் ஏற்பாடு.

கல் இருக்கிற வரைக்கும் இது நல்ல ஏற்பாடு. 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அந்தக் கல்லைப் பாதுகாப்பது நிலத்துக்குச் சொந்தக்காரரின் கடமை. ஆனால் எங்கள் ஊரில் ஜே.சி.பி. வந்ததற்கு அப்புறம் கல்லுக்கு ஆயுசு குறைவு. லேஅவுட் போட மண்ணைத் தள்ளும்போது சில கல் போய்விடும். ரோடு அகலமாகும்போது சில புதைந்துவிடும். சிலவற்றை யாரோ "நல்ல எண்ணத்தில்" பிடுங்கி, தனக்குத் தெரிந்த இடத்தில் திரும்ப நட்டு வைத்திருப்பார்கள்.

அப்போது சர்வேயர் என்ன செய்வார்? உங்கள் மூலையில் கல் இல்லை என்றால், இருக்கிற ஏதோ ஒரு பழைய கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து டேப் பிடித்துக்கொண்டு வருவார். இடையில் நாலு நிலம், ஒரு வண்டிப்பாதை, ஒரு மேடு. நம் பக்கத்து நிலம் சமதளமும் இல்லை. 100 அடிக்கு 10 அடி ஏற்றம் இருக்கிற சரிவில் டேப்பைத் தரையோடு போட்டு அளந்தால், படுக்கை மட்டத்தில் உண்மையான தூரம் 99 அடி 6 அங்குலம்தான். அரை அடி அங்கேயே போச்சு. டேப் தொய்வு, வெயில், படத்தின் தடிமன் எல்லாம் தனி. 1:2000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு என்பது தரையில் ஒரு மீட்டர்!

நம் பாடத்தில் சொன்னால் இது ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது மாதிரி. மூணாம் பக்கத்தில் செய்த தப்பு முப்பதாம் பக்கம் வரைக்கும் நம்மோடு வரும். கிணற்று மேட்டுக் கல்லிலிருந்து வந்தவர் ஒரு தப்பைக் கொண்டுவந்தார். வாய்க்கால் கல்லிலிருந்து வந்தவர் வேறொரு தப்பைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் கூட்டல் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஓப்பனிங் பேலன்ஸ்தான் வேறு.

அப்படியென்றால் யாரும் தகராறு பண்ண முடியாத ஒரு ஓப்பனிங் பேலன்ஸ் வேண்டும். அது ஏதாவது ஒரு நிலத்துக்காரரின் மூலையில் இருக்கிற கல்லாக இருக்கக் கூடாது. இதை இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் யோசித்திருக்கிறார், அதுவும் நம் பக்கத்திலேயே.

கொஞ்சம் சரித்திரம். 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த போரின் முடிவில் பாரமகால், அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி, கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து விவசாயியிடமே நேராக வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். ரயத்துவாரி என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அதன் நாற்றங்கால் நம் மாவட்டம்தான். அந்த அளவையின் நோக்கம் வரி. எத்தனை ஏக்கர், என்ன மண், எவ்வளவு வரி என்று தெரிந்தால் போதும். நிலம் பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்ற கவலை வரி வாங்குகிறவருக்கு எதற்கு?

1799-இல் திப்பு விழுந்தார், ஓசூரும் கம்பெனிக்குப் போனது. அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி வேறு மாதிரி ஒரு திட்டத்தைக் கொடுத்தார். வயலை அளக்க வேண்டாம், முதலில் நாட்டையே பூமி உருண்டையின் மேல் சரியான இடத்தில் பொருத்துவோம் என்றார். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலைப் பக்கம் வேலையைத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு நேர்கோடு, சித்திரை வெயிலில்! சூட்டில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழல் போட்டு, வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக் குறித்து அளந்திருக்கிறார்கள்.

ஏன் ஒரே ஒரு கோடு? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்குக் கோணம் மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம். காடு, ஆறு, பள்ளம் எதையும் சங்கிலி போட்டுத் தாண்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு சோதனையும் உள்ளேயே இருக்கிறது. மூன்று கோணத்தையும் கூட்டினால் 180 வர வேண்டும். (பூமி உருண்டை என்பதால் துளியூண்டு கூட வரும், அதற்கும் கணக்கு உண்டு.) வரவில்லை என்றால் எங்கேயோ தப்பு. நம்ம டிரையல் பேலன்ஸேதான்! ஆனால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை என்பதும் முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டிவிடலாம். அதனால்தான் வெளியிலிருந்து வருகிற பாங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்பார்க்கிறோம்.

லாம்டனும் அதைத்தான் செய்தார். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்து, பெங்களூர்ப் பக்கத்தில் ஒரு கோட்டின் நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கில் எடுத்தார்கள். 1804-இல் அதே கோட்டைச் சங்கிலி போட்டு நேரிலும் அளந்தார்கள். ஏழு மைல் கோட்டில் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு! சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நம் மலைகளின் தலைக்கு மேல் நடந்த வேலை அது. நம் வேலியில் 210 அடிக்கு இரண்டரை அடி. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த முக்கோணங்கள் மேற்குக் கடற்கரையைத் தொட்டபோது இன்னொரு வேடிக்கையும் வெளிவந்தது. அதுவரை இருந்த படங்கள் தென்னிந்தியாவின் அகலத்தைச் சுமார் 40 மைல் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தன. 40 மைல் நிலம் ஒரே கணக்கில் காணாமல் போனது. யாரும் திருடவில்லை, எல்லாம் காகிதத்தில் மட்டுமே இருந்த நிலம். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, கம்பெனி ஒரே நேரத்தில் இரண்டு பேரேடு எழுதியது. ஒன்று வரிக்கான வயல் கணக்கு, இன்னொன்று பூமிக்கான முக்கோணக் கணக்கு. பிற்காலத்தில் கிராம எல்லைகளை முக்கோண நிலையங்களோடு இணைக்கும் வேலையும் நடந்தது. ஆனால் அந்த இணைப்பு நம் கையில் இருக்கிற புலப்படம் வரைக்கும் இறங்கி வரவில்லை. படத்தில் நீளம் இருக்கிறது, இடம் இல்லை. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று பெரிய வேலை நடந்தது. பட்டா எல்லாம் யார் பெயரில் என்று திருத்தி எழுதினார்கள். அதுவும் பெயரும் பரப்பும்தான். இரண்டு பேரேட்டையும் உட்கார்ந்து ஒத்துப்பார்க்கிற வேலை பாக்கியாகவே நிற்கிறது. என் பார்வையில் நம் எல்லைத் தகராறுகளில் பாதி இந்தப் பாக்கியின் வட்டி.

"இதெல்லாம் எதுக்கு, போன்ல ஜி.பி.எஸ். இருக்கே" என்று வகுப்பில் ஒருத்தன் சொன்னான். நானும் அப்படி நினைத்துத்தான் போனை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். ஒரே இடத்தில் நின்றபடி இருக்கிறேன், நீலப் புள்ளி ஒரு நிமிஷம் எங்கள் நிலத்தில், அடுத்த நிமிஷம் மாமாவின் நிலத்தில். போனில் இருக்கிற ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை சர்வசாதாரணமாகத் தவறும். முப்பதுக்கு நாற்பது சைட்டில் ஐந்து மீட்டர் என்றால் பாதி வீடு.

ஏன் தவறுகிறது? சிக்னல் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. வழியில் வளிமண்டலம் அதைத் தாமதப்படுத்துகிறது. செயற்கைக்கோளின் கடிகாரத்திலும் பாதையிலும் சின்னச் சின்னப் பிழைகள் உண்டு. ஆனால் ஒரு நல்ல விஷயம். ஓசூரில் நிற்கிற எனக்கு வருகிற பிழையும் சில பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிற உங்களுக்கு வருகிற பிழையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டுதான் இன்றைய லாம்டன்கள் வேலை செய்கிறார்கள்.

ஒரு கட்டடத்தின் மேல் அசையாத தூண், அதன் மேல் ஒரு ஆன்டெனா. அந்தத் தூண் பூமியில் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டர் சுத்தமாக ஏற்கெனவே தெரியும். அது இரவும் பகலும் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். "நான் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், நீ வேறு இடம் சொல்கிறாய், அப்படியானால் உன் பிழை இவ்வளவு" என்று அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து இன்டர்நெட் வழியாக அனுப்பும். வயலில் நிற்கிற சர்வேயரின் கையில் இருக்கிற கருவி அதைக் கழித்துக்கொள்ளும். சில நிமிஷத்தில் சில சென்டிமீட்டர் சுத்தத்தில் இடம் கிடைத்துவிடும். இந்தத் தூணுக்குப் பெயர் கோர்ஸ். (நம்ம காலேஜ் கோர்ஸ் இல்லை :-) இடைவிடாமல் இயங்கும் குறிப்பு நிலையம் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம்.) இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்க இப்படிச் சுமார் ஆயிரம் நிலையங்களை அமைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் இப்படிப்பட்ட அளவை வேலைகளுக்கு முன்அனுமதிக்காக அலைய வேண்டியதும் இல்லை.

இதில் என்னைக் கவர்ந்த ஒரு சங்கதி. நாம் நிற்கிற தரையே நகர்கிறது. இந்தியா இருக்கிற கண்டத்தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. இருபது வருஷத்தில் ஒரு மீட்டர்! பயப்பட வேண்டாம், வேலி, கல், கோர்ஸ் தூண், மாமா, பெரியப்பா எல்லோரும் சேர்ந்தே போகிறோம். ஆனால் ஒரு மூலையின் எண்ணை எழுதும்போது எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் "மார்ச் 31 அன்று உள்ளபடி" என்று போடுகிறோமே, அது மாதிரி. எந்தக் கணக்கில் எழுதினோம் என்பதும் முக்கியம். எவரெஸ்ட் என்பவர் 1830-இல் வகுத்த பூமி உருவத்தை வைத்துத்தான் நம் பழைய வரைபடங்கள் எல்லாம் போட்டார்கள். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது வேறு உருவம். பழைய எண்ணை அப்படியே எடுத்து ஜி.பி.எஸ். கருவியில் போட்டால் நம் பக்கத்தில் 100 மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும். 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை வந்த பிறகுதான் பொதுமக்களுக்கான படங்கள் உலகக் கணக்குக்கு மாறின. ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் கூட்டின மாதிரி ஆகிவிடும், மாற்று விகிதம் எழுதாவிட்டால்.

சரி, என் கருத்து என்ன? நம் ஊரின் ஒவ்வொரு புலப்படத்தையும் இந்தக் குறிப்பு வலையோடு கட்டிப்போட வேண்டும். ஒவ்வொரு மூலைக்கும் கல்லோடு சேர்த்து ஒரு எண்ணும் இருக்க வேண்டும், தேதியோடு. கல்லை ஜே.சி.பி. தள்ளலாம். எண்ணைத் தள்ள முடியாது. சர்வேயர் யாராக இருந்தாலும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அதே புள்ளியில்தான் வந்து நிற்பார்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதற்கு எதிராகவும் நானே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பக்கத்து மாநிலங்களைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.

கேரளாவில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் முழுக்க டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கினார்கள். 28 கோர்ஸ் நிலையங்களை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறார்கள். கர்நாடகாவில் திஷாங்க் என்று ஒரு ஆப் இருக்கிறது. ஒரு இடத்தில் நின்றால் அது எந்தச் சர்வே நம்பர் என்று சொல்லும். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் சைட் பார்க்கப் போகிறவர்கள் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள் (எல்லைக்கு அது சாட்சி ஆகாது, அது வேறு விஷயம்). ஆந்திராவில் 2020 டிசம்பரில் ட்ரோனும் கோர்ஸுமாகப் பெரிய மறு அளவை தொடங்கியது. நட்ட கற்களில் திட்டத்தின் பெயர் என்று அப்போதைய முதல்வரின் பெயரையே பொறித்தார்கள். பரப்பு குறைந்துவிட்டது என்று நிறையப் புகார்கள் வந்தன. 2024-இல் ஆட்சி மாறியதும் கல்லிலிருந்து அந்தப் பெயரை எடுக்க முடிவு செய்தார்கள். எல்லைக் கல் எந்தக் கட்சியின் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டிய பொருள். அதுவே கட்சிக் கல் ஆகிவிட்டால் எந்தச் செயற்கைக்கோளாலும் அதற்கு மரியாதை வாங்கித்தர முடியாது.

இன்னொரு பயமும் உண்டு. குறிப்பு வலை ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லும். அந்தப் புள்ளிதான் உங்கள் எல்லையா என்று அதற்குத் தெரியாது. இன்று இருக்கிற வேலியை அப்படியே அளந்து பதிவு செய்தால், பத்து வருஷத்துக்கு முன்னால் வேலியைத் தள்ளிப் போட்டவருக்குத்தான் லாபம். தப்பான எல்லை சென்டிமீட்டர் சுத்தத்தில் தப்பாகப் பதிவாகிவிடும். அப்புறம் "சாட்டிலைட்டே சொல்லிடுச்சு" என்பார்கள், ஏழை வாயைத் திறக்க முடியாது. அறிவிக்கை வந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 1923 சட்டம் சொல்கிறது. கோர்ட்டுக்குப் போக வசதி இருக்கிறவர்களுக்கு அது சரி.

அதனால் வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் வேலிகளை அளக்கக் கூடாது. கிராமங்கள் கூடுகிற முனைகளில் இருக்கிற பழைய கற்கள், இன்னும் அசையாமல் இருக்கிற புலக் கற்கள், இவற்றை மட்டும் முதலில் குறிப்பு வலையோடு இணைத்து எண்களை ஊர் அறிய வெளியிட வேண்டும். எந்தக் கல் நம்பத்தக்கது, எது இடம் மாறியது என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து பழைய புலப்படத்தை அந்தக் கற்களின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தாத இடத்தை யாருடைய தலையிலும் ரகசியமாகக் கட்டக் கூடாது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கிறோம் இல்லையா, அப்படி வைக்க வேண்டும். கிராம சபையில் படத்தை விரித்து வைத்து, இரண்டு பக்கத்துக்காரர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். அதன் பிறகுதான் மூலைக்கு எண்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் நிலம் துண்டாகி விற்கும்போது உட்பிரிவு செய்ய எப்படியும் சர்வேயர் வந்துதானே ஆக வேண்டும்? அன்றைக்கே எண்ணையும் எழுதிவிடலாம். எங்கள் பக்கம் நிலம் கை மாறுகிற வேகத்துக்குப் பத்து வருஷத்தில் பாதி ஊர் முடிந்துவிடும். அந்த எண்களை நிலத்துக்காரரின் கையிலும் கொடுக்க வேண்டும். பாஸ்புக்கை நாம் பார்க்கலாம், பாங்க்கும் பார்க்கலாம் என்பதால்தான் அதன் மேல் நம்பிக்கை.

இனி எங்கள் வீட்டுக் கதை. போன தை மாதம் மாமாவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. சின்ன வயதில் அந்த அக்காதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். அதன் பிறகுதான் நான் பெரியப்பாவிடம் போய், இரண்டு சர்வேயரும் வெவ்வேறு கல்லிலிருந்து வந்தார்கள் என்பதைப் படம் போட்டுக் காட்டினேன். கடைசியில் இரண்டு வீடும் பாதிப் பாதி காசு போட்டு, கோர்ஸ் கருவி வைத்திருக்கிற தனியார் அளவைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அரசாங்க முத்திரை இல்லாததால் அந்த அளவைக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. அவர் வேலியை அளக்கவே இல்லை. கிணற்று மேட்டுக் கல்லையும் வாய்க்கால் கல்லையும் மட்டும் அளந்தார். புலப்படத்தின்படி அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரத்துக்கும் தரையில் இருக்கிற தூரத்துக்கும் வித்தியாசம் இரண்டடிக்கு மேல். எந்தக் கல் நகர்ந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. மூணாவதாக ஒரு நல்ல கல் வேண்டும், அது ரோட்டுக்கு அடியில் போய்விட்டது.

மாமா ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெரியப்பாவைப் பார்த்து, "அப்போ நீங்களும் எடுக்கலை, நானும் எடுக்கலை" என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேலி அதே இடத்தில்தான் நிற்கிறது, விற்பனையும் நின்றுபோய்க் கிடக்கிறது. ஆனால் அன்றைக்கு மாமா எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

நண்பர்களே, நிலமோ சைட்டோ வாங்கப் போனால் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பாருங்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எந்தக் கல்லிலிருந்து அளந்தீங்க, அந்தக் கல் அங்கேதான் இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? உங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.